தீக்கோழியின் இடது தோள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. யார் தலையில் கட்டலாம் என்று அன்று காலை முழுக்க நானும் தேடிப் பார்த்தேன். இரண்டு வெளிநாட்டு ஸ்டுடியோ, ஒரு கம்ப்யூட்டர் ஃபோல்டர், ஒரு சின்ன டிக் என்று நிறைய பேர் அகப்பட்டார்கள். ஒருத்தர் தலையும் பொருந்தவில்லை.

நான் அனிமேட்டர். யாரோ வரைந்து கொடுக்கிற உருவத்தை நடக்க, ஓட, விழ, எழுந்திருக்க வைப்பது என் வேலை. பதினாறு வருடமாக இதே பிழைப்பு. அந்தப் படம் மூன்று நாடுகள் சேர்ந்து எடுத்த குழந்தைகள் படம். ஒரு நாட்டில் கதை எழுதி உருவம் வரைந்தார்கள், இயக்குநரும் அங்கேதான். அசைவெல்லாம் எங்கள் ஸ்டுடியோ. வண்ணமும் ஒலியும் மூன்றாவது நாடு. கதாநாயகன் ஒரு தீக்கோழிக் குஞ்சு. முட்டையை விட்டு வரும்போதே வலது கால் வளைந்த குஞ்சு. கூட்டம் தண்ணீர் தேடிக் கிளம்பிப் போய்விடுகிறது, இது தன்னந்தனியாகப் பின்னாலேயே நடக்கிறது. அவ்வளவுதான் கதை. பறக்கவும் தெரியாத பறவை, பேசவும் பேசாது, ஆக மொத்தம் படம் முழுக்க நடைதான். ஸ்டுடியோவில் அதற்கு நெட்டையன் என்று பேர் வைத்திருந்தோம்.

அந்த நடை எனக்கு வரவில்லை. மூன்று வாரம், பதினொரு தடவை செய்து அனுப்பினேன். பதினொரு தடவையும் இயக்குநரிடமிருந்து ஒரே பதில்: இது நொண்டுகிற மாதிரி நடிக்கிறது, நொண்டவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அவர் சொன்னது சரி, அதனால் கோபம் இரண்டு மடங்கானது. எங்கள் தொழிலில் ஓர் அசைவு வரவில்லையென்றால் நாமே செய்து, நாமே படம் பிடித்து, அதைப் பார்த்துச் செய்வோம். ரெஃபரன்ஸ் என்போம். நான் செருப்புக்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோ வராந்தாவில் நடந்தேன். கல் குத்துகிறவள் நடை வந்தது. முட்டியில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தேன். முட்டியில் துணி கட்டியவள் நடை வந்தது.

வீட்டில் எனக்கு ஒரு மகள். பதினொரு வயது. பிறந்ததிலிருந்தே இடுப்பில் கோளாறு, இரண்டு ஆபரேஷன் ஆனது. வலது காலை அரைவட்டமாக வீசி வைத்துத்தான் நடப்பாள். அதற்காக அவளை யாரும் பாவம் என்று நினைத்துவிட வேண்டாம். வாய் எட்டு வீட்டுக்குக் கேட்கும். மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு போவாள். முந்தவில்லையென்றால் அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

நெட்டையன் வருவதற்குச் சில மாதம் முன்பு அவள் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் பின்னாலேயே அவளைப் போலவே நடந்து காட்ட, இன்னொருத்தி அதைப் போனில் எடுக்க, சாயங்காலத்துக்குள் அது எல்லார் வீட்டுக்கும் போய்விட்டது. இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்றாவது வாரம் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "நாளைக்குப் போறேன். ஆனா இனிமே நான் நடக்கறத யாரும் எடுக்கக் கூடாது. நீயும் கூடாது, அப்பாவும் கூடாது." சத்தியம் செய்து கொடுத்தேன். சோப்புக் கையோடு செய்து கொடுத்தேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எடுத்த படங்களிலெல்லாம் அவள் உட்கார்ந்திருப்பாள்.

அந்தச் சத்தியத்துக்கு நான்கு மாதம் கழித்து, நெட்டையனுக்குப் பன்னிரண்டாவது தடவை வந்தபோது, அடுக்களை ஜன்னலுக்கு உள்ளே நின்று போனை நீட்டி எடுத்தேன். கேட்டிலிருந்து வாசல்படி வரை. தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பதினான்கு நொடி. அவள் உள்ளே வந்தபோது நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி குழாயைத் திறந்துவிட்டேன். என்ன சமைக்கிறாய் என்று கேட்டாள். எனக்கு நினைவே வரவில்லை.

அந்தப் பதினான்கு நொடியை ஒவ்வொரு பிரேமாக வைத்து, பார்த்ததையெல்லாம் அப்படியே நெட்டையனுக்குக் கொடுத்தேன். மறுநாள் பதில் வந்தது. கால் அருமை, அதைவிட அந்த இடது தோள் சரிவு அற்புதம், குஞ்சுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது என்று இயக்குநர் எழுதியிருந்தார். ஸ்டுடியோவே கைதட்டியது. நானும் சிரித்து வைத்தேன்.

இனி அந்த டிக். எங்களிடம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு ஃபோல்டர். ரெஃபரன்ஸ் வீடியோவை அதற்குள் போட்டால்தான் ஷாட் அடுத்த ஆளுக்கு நகரும். அதில் இருப்பவர் சம்மதம் வாங்கியாயிற்றா என்று ஒரு கட்டம் கேட்கும். டிக் போடாவிட்டால் நகராது. எங்கள் ஆட்கள் எப்போதும் தங்களையேதான் எடுத்துக்கொள்வார்கள், அதனால் யாரும் யோசிக்காமல் டிக் போட்டுவிடுவார்கள். நானும் போட்டேன். வேலை முடிந்ததும் வீடியோவை அழித்தேன். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டர்கள் மூன்று நாட்டுக்கும் பிரதி ஆகிவிடும் என்பதும், இங்கே அழித்தால் அங்கே அழியாது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். அழித்தாயிற்று என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் ஓடியது. படம் முடிந்தது. வெளியிடுவதற்கு முன் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். என் மகள் வகுப்பையே கூப்பிடலாம் என்று யோசனை சொன்னது யார்? நான்தான். அம்மா செய்த படம் என்று அவள் கொஞ்சம் பெருமைப்படட்டும் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை மணி, ஊர் நடுவில் இருக்கும் சின்னத் தியேட்டர்.

ஒன்பதே முக்காலுக்கு நான் அங்கே போனபோது அட்டவணை வாசலில் நின்றிருந்தார். எங்கள் ஸ்டுடியோவில் எல்லார் வேலையையும் நாள் பிரித்துக் கொடுப்பவர் அவர். கனவில்கூடத் தேதி சொல்வார் என்பதால் அந்தப் பேர். மற்ற இரண்டு நாட்டிலிருந்தும் நான்கு பேர் வந்து உள்ளே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஒரு சர்ப்ரைஸ் இருக்கிறது, மூன்றாவது நாட்டுக்காரர்கள் செய்திருக்கிறார்கள் என்று போனை எடுத்துக் காட்டினார். திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. இடது பக்கம் நாங்கள் எடுத்த ரெஃபரன்ஸ், வலது பக்கம் படத்தில் வந்த அசைவு. முதலில் எங்கள் ஆள் ஒருவர் மேசைமேல் ஏறிக் கழுகு மாதிரி கையை விரித்தார். அடுத்து ஒருத்தி தரையில் உருண்டாள். நான்காவதாக எங்கள் வீட்டு கேட் வந்தது.

என் மகள் நடந்து வந்தாள். பக்கத்தில் நெட்டையன் நடந்து வந்தான். கால் வீசினால் கால், தலை அசைந்தால் தலை.

இது என் மகள், இதை எடுத்துவிட வேண்டும் என்றேன். அட்டவணை முதலில் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார். படமும் பெயர்களும் இந்த வீடியோவும் ஒரே கோப்பு, பூட்டி வந்திருக்கிறது, இங்கே யாரும் வெட்ட முடியாது. அங்கே போன் செய்யலாம், ஆனால் அந்த ஊரில் இன்னும் விடியவில்லை. முகம்கூடச் சரியாகத் தெரியவில்லையே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றார்.

"அவ வகுப்புல முப்பத்திரண்டு பேரு. முகமே வேண்டாம். நடந்தா போதும்."

பெயர்கள் முழுதாக ஓட வேண்டும் என்பது மூன்று நாட்டு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, வந்திருக்கும் நான்கு பேரும் அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்றார். "நடுவுல நிறுத்தினா முதல்ல உங்க வேலை போகும், அடுத்து என்னோடது. யோசிச்சுக்குங்க." மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் சொன்ன தேதி எதுவும் தவறியதில்லை, இதுவும் அப்படித்தான் என்று பட்டது.

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அவசரத்துக்குக் கூப்பிட்டால் எப்போதும் ஏதாவது ஒரு குழிக்குள்தான் இருப்பார், எடுக்கவில்லை. வகுப்பாசிரியைக்குப் போன் செய்தேன், பஸ் கிளம்பிவிட்டது, உங்கள் பெண் முன் சீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் கதை சொல்லிக்கொண்டு வருகிறாள் என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். வயிற்று வலி என்று சொல்லி இவளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏற்கெனவே ஒரு பொய் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அப்படியே மென்று முழுங்கினேன்.

மாடியில் ஆபரேட்டர் அறை. ஒரு மெஷின், ஒரு நாற்காலி, சுவரில் போன வருடக் காலண்டர். ஆபரேட்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேச்சுக்குப் பேச்சு காதைக் குடைவார். முழுவதையும் சொன்னேன். சத்தியத்தையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, வெட்டத்தான் முடியாது, நிறுத்த முடியும் என்றார். மெஷினை அணைத்துவிட்டு விளக்கைப் போட்டுவிடலாம். கேட்டால் சூடாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வார். பெயர்கள் ஆரம்பித்து நாற்பது நொடியில் அந்த நான்காவது துண்டு வரும் என்று கணக்குப் பார்த்தோம்.

"ஒரு மிஸ்டு கால் கொடுங்க மேடம், போதும். ஆனா ஒண்ணு, அந்தப் பொண்ணுகிட்ட நீங்க எப்ப சொல்லப் போறீங்க?"

நான் இறங்கி வந்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது, அவர் யார் அதைக் கேட்க என்று. மனதுக்குள் என் திட்டம் அதுதான்: மிஸ்டு கால் கொடுப்பது, விளக்கு எரிவது, வீட்டுக்குப் போவது, ஜென்மத்துக்கும் வாய் திறக்காமல் இருப்பது.

பிள்ளைகள் பத்து இருபதுக்கு வந்தார்கள். தியேட்டரே சந்தைக்கடை ஆனது. கீழ் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு பஸ் வந்திருந்தார்கள். என் மகள் என்னைப் பார்த்ததும், "பாப்பான்னு மட்டும் கூப்பிட்டுடாதே" என்று காதில் எச்சரித்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் ஓர சீட்டில் உட்கார்ந்தாள். பையைக் காலடியில் வைத்தாள். நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். ஆபரேட்டர் நம்பரை முன்பே எடுத்து வைத்திருந்தேன், ஒரு விரல் வைத்தால் போய்விடும். மூன்று வரிசை முன்னால் அந்த நான்கு பேரும் நடுவில் அட்டவணையும்.

விளக்கு அணைந்தது. முட்டை உடைந்தது. பிள்ளைகள் ஓவென்று சத்தம் போட்டார்கள். பன்னிரண்டாவது நிமிடம் நெட்டையன் எழுந்து நின்றான், விழுந்தான், எழுந்தான், நடந்தான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு குரல், பிறகு மூன்று நான்கு. என் மகளின் முதுகு சீட்டை விட்டு நிமிர்ந்தது. எனக்குத் தெரிந்த முதுகு அது, அந்த இரண்டு வாரமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. நெட்டையன் பாறையில் இடறி மணலில் மூக்கைக் குத்திக்கொண்டான், சிரிப்பு நின்றது. அவன் எழுந்து இறக்கையை உதறிவிட்டு மறுபடி வலது காலை வீசி வைத்தபோது, சிரித்த அதே குரல், "போ, போ" என்றது.

நாற்பதாவது நிமிடத்துக்குள் தியேட்டர் முழுக்க அவன் பக்கம் வந்துவிட்டது. மணல்மேட்டில் அவன் ஏறும்போது கீழ் வகுப்புப் பிள்ளைகள் சீட்டில் எழுந்து நின்றுகொண்டார்கள். வேறு நாளாக இருந்தால் எனக்குக் கால் தரையில் நின்றிருக்காது. நான் திரையைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது என்று தேடுகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கால்தான் காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். நொண்டும் பிராணி எத்தனையோ இருக்கும், இது என்ன அதிசயம் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

எழுபதாவது நிமிடம். நெட்டையன் தண்ணீரைப் பார்த்துவிட்டான். தூரத்தில் கூட்டம். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, அதுக்கு ஏன் இடது தோளு கீழ இறங்கியிருக்கு?"

"அது அப்படித்தான். இயக்குநருக்குப் பிடிச்சிருந்தது."

"இல்ல. அது பை மாட்டியிருக்கு."

எனக்குப் புரியவில்லை. அடுத்த நொடி புரிந்தது. பதினாறு வருடம் இந்த வேலை செய்தவளுக்கு, ஒவ்வொரு பிரேமாகப் பார்த்தவளுக்கு, மூன்று நாட்டு ஆட்களும் பார்த்துப் பார்த்துப் புகழ்ந்தவளுக்கு, அப்போதுதான் புரிந்தது. பாலைவனத்தில் நடக்கும் தீக்கோழிக்கு நான் ஒரு பள்ளிக்கூடப் பையின் பாரத்தைக் கொடுத்திருந்தேன். பையை வரையவில்லை, பாரத்தை மட்டும் வரைந்திருந்தேன். அந்தப் பையைத் தினமும் சுமக்கிறவளுக்கு அது தெரியாதா.

"புதன்கிழமைதான் அட்லஸ் இருக்கும். அன்னிக்குத்தான் தோளு இவ்ளோ இறங்கும்," என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "என்னை எடுத்தியா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் ஏதாவது சொல்லுவார்கள். நான், "ஆமா," என்றேன். "அடுக்களை ஜன்னல்லேர்ந்து. சத்தியம் பண்ணினதுக்கு அப்புறம்."

திரையில் நெட்டையன் தண்ணீரில் காலை வைத்தான். இசை ஏறியது. எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. வாய் திறக்காமல் போனை அழுத்திவிடலாம், மீதியை அவள் தெரிந்துகொள்ளவே வேண்டாம் என்று அப்போதும் ஒரு நப்பாசை. என்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது. குனிந்து அவள் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர்கள் ஓடும்போது அந்த வீடியோ வரும், எல்லாரும் பார்ப்பார்கள், ஆபரேட்டர் நிறுத்தத் தயாராக இருக்கிறார், நிறுத்தினால் என் வேலை போகலாம், போனால் போகட்டும், அதை நீ யோசிக்காதே என்றேன். போனை அவள் கையில் வைத்தேன். "நிறுத்தணும்னா இதை அழுத்து. வேண்டாம்னா விட்டுடு. உன் இஷ்டம்."

படம் முடிந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. பெயர்கள் ஆரம்பித்தன. முதல் துண்டில் எங்கள் ஆள் மேசைமேல் ஏறினார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவள் கையில் போன் வெளிச்சமாக இருந்தது. விரல் அதன் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. இரண்டாவது துண்டு. மூன்றாவது துண்டு. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

திரையில் எங்கள் வீட்டு கேட் வந்தது. கேட்டின் தாழ்ப்பாளில் ஒரு சின்னக் கை.

அழுத்தினாள்.

திரை இருண்டது. விளக்குகள் எரிந்தன. முன்னால் அந்த நான்கு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. அட்டவணை மட்டும் திரும்பவில்லை, உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு தடவை கைதட்டிவிட்டு எழுந்தார்கள்.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சீட்டுகளுக்கு நடுவே இருந்த வழியில் முதலில் இறங்கியது கீழ் வகுப்புப் பையன் ஒருவன். கையை இறக்கை மாதிரி மடக்கிக்கொண்டு, ஒரு காலை வீசி வீசி நடந்தான். அவன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஐந்து, பத்து. வாசல் வரை ஒரே தீக்கோழிக் கூட்டம், எல்லாம் நொண்டிக்கொண்டு. என் மகள் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். முன்பு அவள் பின்னால் நடந்து காட்டியவளும் அதில் இருந்தாள். எந்த நடைக்காக இரண்டு வாரம் வீட்டில் கிடந்தாளோ, அதே நடை முப்பது நாற்பது பேராக அவளைக் கடந்து போனது.

அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். முகத்திலிருந்து என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை. ஒரு பொடிசு இடது காலை வீசிக்கொண்டு வந்தது. அதை நிறுத்தினாள்.

"அந்தக் காலு இல்ல. இது," என்று அதன் வலது முட்டியைத் தொட்டுக் காட்டினாள். அது சரி என்று தலையாட்டிவிட்டுக் காலை மாற்றிக்கொண்டு போனது.

அட்டவணை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் அந்த நான்கு பேரும் வந்தார்கள். எனக்கு அவர்களைப் பற்றி அப்போது ஒரு கவலையும் இல்லை. நான் அவள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சின்னக் குரலில், எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் குனிந்து பையை எடுத்துக்கொண்டாள். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா நடந்து காட்டியிருப்பேன்ல," என்றாள்.

பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.